படைவீரராக வாழ்ந்த தாத்தாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி: முதன்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

படையில் பணியாற்றிய தாத்தா ஒருவர் மறைந்த பிறகு, அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி வீட்டில் ஒருவரைக் கேட்பார்கள். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு, இதற்குமுன் எதையும் எழுதிப் பழகாத பேரனிடமோ பேத்தியிடமோதான் வந்து சேர்கிறது. கையில் இருப்பவை சீருடையில் எடுத்த ஒரு படம், சில பதக்கங்கள், அவர் அவ்வப்போது சொன்ன அரைகுறைக் கதைகள், அவரிடம் வளர்ந்த நினைவுகள் ஆகியவைதாம். இவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "நாட்டுக்காக உழைத்தார், குடும்பத்தை உயிராக நேசித்தார்" என்ற அளவுக்கு மேல் எழுத்து நகர்வதில்லை. அது உண்மைதான் என்றாலும் எந்தப் படைவீரருக்கும் எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தக்கூடியது. உங்கள் தாத்தாவை மட்டுமே குறிக்கும் செய்திகளை எப்படித் தேடிச் சேர்ப்பது, சரிபார்ப்பது, எழுதுவது என்பதை, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

இத்தகைய நினைவுக் குறிப்புகள் பலவற்றில் படைவீரர் முன்பாதியிலும் தாத்தா பின்பாதியிலும், ஒருவரையொருவர் அறியாதவர்கள்போல் நிற்பதைப் பார்க்கிறோம். ஆனால் பேரப்பிள்ளையின் காலணிக் கயிற்றை அத்தனை பொறுமையாகக் கட்டிவிட்ட கையும், முகாமில் விடியுமுன் தன் காலணியைத் துலக்கிய கையும் ஒன்றுதான். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிப்பதே எழுதுபவரின் முதன்மையான வேலை என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதை நோக்கியே செல்கின்றன.

முதல் படி: ஆவணங்களுக்கு முன் மனிதர்கள்

பலர் பழைய பெட்டியைத் திறப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். காகிதம் இன்னும் சில மாதம் காத்திருக்கும். முதியவர்களின் நினைவு காத்திருக்காது. எனவே பாட்டி இருந்தால் அவரிடமும், அடுத்துத் தாத்தாவின் உடன்பிறந்தோரிடமும், அதற்கடுத்து அவருடன் பணியாற்றிய தோழர்களிடமும் முதலில் பேசுங்கள். பிள்ளைகளான உங்கள் பெற்றோரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். தாத்தா இன்னும் உயிரோடிருக்கும் வீட்டில் இதைப் படிப்பவர், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அவரிடமே முதலில் போய் உட்கார வேண்டும்.

கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தாலே போதும். அழைப்பு வந்து பதிவு அறுபடாதபடி விமானப் பயன்முறையில் வைத்து, பேசுபவருக்கு அருகில் மெத்தென்ற துணியின் மேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தொடக்கத்தில் தேதியையும், பேசுபவர் யார், தாத்தாவுக்கு என்ன உறவு என்பதையும் உங்கள் குரலிலேயே சொல்லிப் பதியுங்கள். முதியவர் ஒருவரை ஒரே அமர்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச வைக்க வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் தொடங்கிய படைவீரர் வரலாற்றுத் திட்டம், வெட்டித் தொகுக்காத, குறைந்தது முப்பது நிமிடம் ஓடும் பதிவுகளை ஏற்றுக்கொள்கிறது. தொடங்குபவருக்கு அது நல்ல அளவுகோல். நீங்களும் பதிவை வெட்டாமல் அப்படியே வைத்திருங்கள்; இன்று தேவையற்றதாகத் தோன்றும் இடைப்பேச்சில் பின்னாளில் ஒரு பெயரோ ஊரோ கிடைக்கக்கூடும்.

கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். "போர் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம்" என்ற பதில்தான் வரும். காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் யார், தெரியாத மொழியில் இட்ட கட்டளையை முதல் வாரத்தில் எப்படிப் புரிந்துகொண்டார், விடுப்பு முடிந்து திரும்பிய நாளில் வாசல்வரை வந்தது யார் என்று கேளுங்கள். மனிதர்களுக்கு ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நிகழ்ச்சிகள் மற்றக் காலத்தவற்றைவிட அதிகமாக நினைவில் தங்குகின்றன என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். படையில் சேர்ந்த ஆண்டுகள் அந்த வயதுக்குள்தான் வருகின்றன. எனவே நேற்றைய செய்தியை மறந்துவிட்ட முதியவர்கூடத் தம் பயிற்சி முகாமின் கட்டில் வரிசையைத் துல்லியமாகச் சொல்லக்கூடும்.

பாட்டியிடம் கேட்க வேண்டியவை வேறு. அவர் இருந்தது காத்திருப்பின் மறுமுனையில். கடிதம் எத்தனை நாளுக்கொரு முறை வந்தது, வராத வாரங்களில் அவர் என்ன செய்தார், பிள்ளை பிறந்த செய்தி தாத்தாவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது, அவர் ஓய்வுபெற்று வந்த முதல் ஆண்டில் வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை விருந்தாளிபோல் வந்துபோன மனிதர் நிரந்தரமாக வந்து அமர்ந்தபோது, அவரும் குடும்பமும் ஒருவரையொருவர் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அந்த ஆண்டு அவர் வாழ்க்கையின் முக்கியமான திருப்பங்களில் ஒன்று.

கேட்கக் கூடாதவையும் உண்டு. யாரையாவது சுட்டாரா, கொன்றாரா என்று எந்தப் படைவீரரிடமும் கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். போரின் அதிர்ச்சி ஆண்டுக்கணக்கில் மனத்தில் நீடிப்பதற்கு மருத்துவம் தனிப் பெயரிட்டு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் சேர்த்தது 1980இல்தான். அதற்கு முன் வீடு திரும்பிய தலைமுறையில் பலருக்குத் தம் கெட்ட கனவுகளைச் சொல்லிக்கொள்ள ஏற்ற சொல் கிடைத்திருக்காது. உங்கள் தாத்தா சில ஆண்டுகளைப் பற்றிப் பேசவே இல்லையென்றால், "அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை" என்று அப்படியே எழுதுங்கள். கற்பனையால் அந்த இடைவெளியை நிரப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இரண்டாம் படி: பெட்டியில் இருப்பவற்றைப் படித்தல்

பதக்கங்களை எடுத்தவுடன் துலக்கத் தோன்றும், தயவுசெய்து துலக்காதீர்கள். பல பதக்கங்களில் படைவீரரின் எண், தரநிலை, பெயர், பிரிவு ஆகியவை விளிம்பைச் சுற்றி மிகச் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொரு முறை பளபளப்புப் பூச்சு போட்டுத் தேய்க்கும்போதும் அந்த எழுத்துகள் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகின்றன. பதக்கத்தைச் சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றி வரிசையாகப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்காக இந்தியப் படையினருக்கு வழங்கிய பதக்கங்களில் பெயர் பொறித்திருந்தார்கள்; பிரிட்டிஷ் தரைப்படையினருக்கு வழங்கிய அதே பதக்கங்களில் பெயர் இராது. எனவே பெயரில்லாத பதக்கம் போலியானது என்று முடிவுகட்ட வேண்டாம்.

பதக்கத்தின் நாடாவும் செய்தி சொல்லும். நடுவில் அகன்ற சிவப்புப் பட்டையும் இருபுறமும் கருநீலமும், அந்த நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை நடந்த பர்மாப் போர்முனையில் அவர் இருந்திருக்கிறார் என்று அதிலிருந்து அறியலாம். 1965 போருக்கு இந்திய அரசு சமர் சேவா ஸ்டாரை வழங்கியது. 1971 போருக்குக் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டாரும், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டாரும் வழங்கப்பட்டன. "பங்களாதேஷ் போரில் தாத்தா இருந்தார்" என்று வீட்டில் சொல்லிவந்த கதை, அவர் ராஜஸ்தான் எல்லையில் நின்றதைக் குறிக்கிறதா, டாக்கா திசையில் நகர்ந்ததைக் குறிக்கிறதா என்பதை இந்த ஒரு வேறுபாடு காட்டிவிடும்.

புகைப்படங்களின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். எடுத்த நிலையத்தின் முத்திரை, தேதி, யாரோ கிறுக்கிய பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். நீங்கள் ஏதாவது குறிக்க விரும்பினால் மென்மையான பென்சிலால், படத்தின் ஓரத்துக்கு நேர்ப்பின்னே, அழுத்தாமல் எழுதுங்கள்; பேனா மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும். பசை பூசிய தாள்மேல் ஒளிபுகும் உறை மூடிய பழைய ஆல்பங்கள் படங்களை அரிப்பவை என்பதால், எளிதாகக் கழன்றுவரும் படங்களை வெளியே எடுத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்காமல் பக்கத்தோடு படமெடுத்துக்கொள்ளுங்கள். சிறிய படங்களை 600 டிபிஐ அளவில் வருடியெடுத்தால் (ஸ்கேன் செய்தால்) தோள்பட்டைச் சின்னங்களைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்க முடியும். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

சீருடையில் தொப்பி, சின்னம், இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள். மணற்பரப்பின் முன்னால் இந்தியப் படையினர் வெளிர்நீலத் தொப்பியோடு நிற்கும் பழைய குழுப்படம் கிடைத்தால், 1956 முதல் 1967 வரை காசாவிலும் சினாயிலும் இருந்த ஐக்கிய நாடுகள் அவசரகாலப் படையை நினைத்துப் பாருங்கள். 1960 முதல் 1964 வரை நடந்த காங்கோ அமைதிப் பணியிலும் இந்தியர் பெருமளவில் பங்கேற்றனர். கொரியப் போருக்கு இந்தியா அனுப்பியது 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை. அங்கு போனவர் காயம்பட்டோரைச் சுமந்தவராகவும் கட்டுப்போட்டவராகவும் இருந்திருப்பார். ஓட்டுநர், எழுத்தர், சமையலர், தந்திப் பிரிவினர், பாலம் கட்டியவர் எனப் படையின் பெரும்பகுதி இவர்களால்தான் இயங்குகிறது. உங்கள் தாத்தா துப்பாக்கி ஏந்தி முன்வரிசையில் நிற்கவில்லை என்று தெரியவந்தால் அதை மறைக்கவோ மெருகூட்டவோ தேவையில்லை. பனிமலைப் பாதையில் சரக்கு லாரி ஓட்டியவரின் வாழ்க்கையில் எழுதுவதற்கு ஏராளம் இருக்கிறது.

கடிதங்கள் இருந்தால் உறைகளையும் பத்திரப்படுத்துங்கள். இந்தியப் படையினரின் முகவரியில் பிரிவின் பெயரோடு "மேற்பார்வை 56 ஏ.பி.ஓ." என்றோ "99 ஏ.பி.ஓ." என்றோ மட்டும் இருக்கும் (ஏ.பி.ஓ. என்பது படை அஞ்சலகம்), பாதுகாப்புக்காக இடத்தின் பெயர் இராது. ஆகவே அந்த முகவரியை மட்டும் வைத்து இடத்தை ஊகிக்க முடியாது. தேதியையும் பிரிவையும் உறுதிசெய்துகொள்ளலாம். கடிதத்தின் உள்ளே இருப்பவை வேறு வகையில் விலைமதிப்பற்றவை. போரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், மகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா, கூரை ஒழுகுவது நின்றதா என்று விசாரிக்கும் கடிதத்திலேயே பின்னாளைய தாத்தா தெரிந்துவிடுகிறார்.

மூன்றாம் படி: அரசிடம் கேட்டுப் பெறுபவை

பணிப்பதிவைப் பெறுவதற்குத் திறவுகோல் படைவீரர் எண். இந்தியத் தரைப்படையில் பணியாற்றியவரானால், டிஸ்சார்ஜ் புத்தகம் என்று படையினர் சொல்லும் பணிவிடுப்பு ஏட்டிலும் ஓய்வூதிய ஆணையிலும் அது இருக்கும். அந்த ஏட்டில் சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், அப்போதைய தரநிலை, பெற்ற பதக்கங்கள், உடல் அடையாளங்கள், நடத்தை மதிப்பீடு எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். மேற்கொண்டு அறிய அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு வாரிசு என்ற முறையில் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரியிலுள்ள வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூருவிலும் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள்.

1947க்கு முன் பணியாற்றியவர்களுக்கு லண்டனில் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகம் உதவும். தென்கிழக்காசியப் போர்முனையில் இருந்த பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் அங்கே டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் உள்ளன. அவற்றில் சாதாரணச் சிப்பாயின் பெயர் அரிதாகவே வரும். ஆனால் அவருடைய பட்டாலியன் எந்த நாளில் எந்த ஆற்றைக் கடந்தது, மழையில் எத்தனை நாள் முடங்கியது என்பது அன்றாடம் பதிவாகியிருக்கும். அவர் சொன்ன கதையை அதனருகே வைத்துப் பார்த்தால் பல இடங்கள் தெளியும்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கலாம். 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுகளால், முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் படையினரின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலிருந்த பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று பற்றிய தீ, 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை அழித்தது. 1912 நவம்பர் முதல் 1959 இறுதி வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு அதில் போயிற்று. அத்தகைய குடும்பங்களுக்கு வீட்டிலுள்ள விடுவிப்புச் சான்றின் நகலே மூலமாகிவிடுகிறது. உங்கள் வீட்டுப் பெட்டியை ஏன் இத்தனை கவனமாகக் கையாளச் சொல்கிறேன் என்பது இதிலிருந்து புரியும்.

தாத்தா அடிக்கடி சொன்ன, திரும்பி வராத தோழரின் பெயர் தெரிந்தால் அதையும் தேடுங்கள். 1917இல் அமைக்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரை நினைவுகூர்கிறது; அதன் பட்டியலை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். 1947க்குப் பின் இந்தியாவுக்காக உயிர்நீத்த 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் 2019இல் புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தோழர் இறந்த தேதியும் அவருடைய பிரிவும் கிடைத்தால், உங்கள் தாத்தா அந்த வாரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கும் அது ஒரு சான்றாகும்.

பெயர் எழுதும் முறையும் பிறந்த தேதியும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும் என்பதை எதிர்பாருங்கள். வேற்றுமொழி எழுத்தர் காதால் கேட்டு எழுதிய பெயரும், சேர்க்கைக்காக ஊகித்துக் குறித்த பிறந்த நாளும் கடைசிவரை அவருடனேயே வந்திருக்கலாம். இரண்டில் ஒன்றைத் திருத்திவிடாமல், "பணிப்பதிவின்படி இது, வீட்டார் சொன்னபடி இது" என்று இரண்டையும் எழுதுங்கள்.

நான்காம் படி: தாத்தாவைத் தேடுதல்

இதற்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு கிடையாது. ஆனால் பலர் மிக அவசரமாகக் கடந்துபோவது இந்தப் படியைத்தான். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். கூட்டமாக உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்க வேண்டாம். அவர் கையைப் பிடித்துச் சொல்லித்தந்த ஒரு வேலை, அவர் கோபப்பட்ட ஒரு நாள், அவர் உங்களுக்காக எழுந்து வந்த ஒரு இரவு என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒருவருக்கு மிதிவண்டி பழக்கியபோது அவர் பின்னால் ஓடிவந்த தூரம் நினைவிருக்கும். இன்னொருவருக்கு, தேர்வு நாட்களில் விடிகாலையில் எழுப்பிவிட்டுத் தாமும் தூங்காமல் எதிர் நாற்காலியில் அமர்ந்திருந்தது நினைவிருக்கும். ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்; மூத்த பேரன் கண்ட தாத்தாவும் கடைசிப் பேத்தி கண்ட தாத்தாவும் இருபது ஆண்டு இடைவெளியில் வேறு வேறு மனிதர்களாக இருந்திருக்கலாம்.

மகனிடம் மிகக் கண்டிப்பாக இருந்தவர் பேரனிடம் உருகிப்போனார் என்பது படைவீரர் குடும்பங்கள் பலவற்றில் கேட்கும் செய்தி. உங்கள் தந்தையோ தாயோ அந்தக் கண்டிப்பில் காயப்பட்டிருக்கக்கூடும். அதை எழுதலாமா என்பதை அவர்களிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள். அவர்கள் சம்மதித்தால் அளவாகவும் நேர்மையாகவும் எழுதுங்கள். பிள்ளைகளின் இளமைக்காலத்தைத் தவறவிட்ட ஒருவர் பேரப்பிள்ளைகளின் பள்ளி வாசலில் தினமும் போய் நின்றதன் பொருள் அப்போதுதான் முழுமையாக விளங்கும்.

ஐந்தாம் படி: எழுதுதல்

முதலில் ஒரு தாளில் ஆண்டுவாரியான அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் அவர் வாழ்க்கை, வலப்பக்கம் அப்போது நடந்த பொது நிகழ்ச்சி. 1971 போர் டிசம்பர் 3 முதல் 16 வரை பதின்மூன்று நாளில் முடிந்தது. ஆனால் அதற்காக வீட்டைப் பிரிந்திருந்த காலம் மாதக்கணக்கில் நீண்டிருக்கும். அட்டவணை இத்தகைய வேறுபாடுகளை உடனே காட்டும்.

பிறகு பக்கங்களைப் பங்கிடுங்கள். பத்தொன்பது வயதில் சேர்ந்து முப்பத்தாறில் ஓய்வுபெற்று எண்பது வயது வரை வாழ்ந்தவருக்குப் படையில் கழிந்தவை பதினேழு ஆண்டுகள், அதற்குப் பின் நாற்பத்து நான்கு. படைக்காலத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர வேண்டாம் என்பேன். பிறப்பிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவரை அறிந்தவர் படித்தவுடன் "ஆமாம், இது அவரேதான்" என்று சொல்லக்கூடிய ஒரு பழக்கத்திலிருந்து தொடங்கி, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் செல்லுங்கள். "ஒழுக்கம் மிக்கவர்" என்று எழுதும் இடத்தில், "படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளையும் ஒரே கோணத்தில் மடித்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வருவார், பேரப்பிள்ளைகள் தங்கும் நாட்களில் அவர்களுடைய விரிப்புகளையும் அவரே மடிப்பார்" என்று எழுதிப் பாருங்கள். முகாமும் வீடும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடுகின்றன. வீரம், தியாகம், பாசம் போன்ற சொற்களை முதல் வரைவில் அறவே தவிர்த்துவிட்டு, நிகழ்ச்சிகளை மட்டும் எழுதுங்கள். அந்தச் சொற்கள் எங்கே உண்மையிலேயே தேவைப்படுகின்றன என்பது இரண்டாம் வரைவில் தெரிந்துவிடும்.

அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு படை நிகழ்ச்சி, ஒரு வீட்டு நிகழ்ச்சி, அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம் ஆகியவை போதும். தொண்டை அடைத்தால் வாசிப்பைத் தொடர இன்னொருவரிடம் ஒரு நகல் இருக்கட்டும்.

கடைசிப் படி: சரிபார்த்துப் பாதுகாத்தல்

எழுதியதைப் பாட்டியிடமும், தாத்தாவோடு பணியாற்றியவர் ஒருவரிடமும் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். தரநிலை, பிரிவின் பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றில் வரும் பிழைகளைத் தோழர் திருத்துவார். நாட்களில் வரும் பிழைகளைப் பாட்டி திருத்துவார். பொதுவெளியில் பகிரும் நகலில் படைவீரர் எண், ஓய்வூதிய எண், வங்கி விவரம், உயிரோடிருக்கும் தோழர்களின் முகவரி ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். தொகுத்தவர் பெயர், தொகுத்த தேதி, எந்தச் செய்தி யாரிடமிருந்து கிடைத்தது என்ற குறிப்பு ஆகியவற்றைக் கடைசிப் பக்கத்தில் சேருங்கள். ஒலிப்பதிவுகளையும் வருடிய படங்களையும் குறைந்தது இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். அச்சிட்ட நகல் ஒவ்வொன்றின் இறுதியிலும் சில வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டினால், இனிமேல் நினைவுக்கு வருபவற்றை உறவினர்கள் அவற்றிலேயே எழுதி உங்களுக்கு அனுப்ப முடியும். இரண்டாம் பதிப்பை அதிலிருந்து தொடங்கலாம்.